வாசலில் கேட்ட கேள்வி

ஜூன் 26, வியாழன்

விடியும்போதே காற்று. மொட்டை மாடியில் காயப்போட்ட யூனிஃபார்ம் சட்டை பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க் மேல். ஏறி எடுத்து, மறுபடி அலசி, ஈரத்தோடு இஸ்திரி. மேகமெல்லாம் மலையோடு நின்றுவிடுகிறது. அல்லிநகரத்துக்கு வெறும் தூசிதான்.

வாசலில் மண்டி லாரி. அப்பா டிரைவரிடம், "தூரமாப்பா?" அவர், "தூரந்தாண்ணே." அவ்வளவுதான் பேச்சு. இத்தனை வருஷ வாழைக்காய் வியாபாரத்தில் அப்பா டிரைவர்களிடம் இதற்கு மேல் பேசி நான் பார்த்ததில்லை.

ஓட்டலில் இன்று ஷைலா மேடம் (மேனேஜர், கோட்டயம், சிரிக்காமல் ஜோக் அடிப்பார்) எங்களை உட்காரவைத்துச் சொன்னார். காலேஜிலிருந்து டிரெயினிங் வந்திருப்பது நானும் ஜெபாவும். நாளையிலிருந்து ஒரு வாரம் ரிசப்ஷனில் நான் லீடர், அவன் டீம். அடுத்த வாரம் அவன் லீடர், நான் டீம். யார் நன்றாகச் செய்கிறோமோ அவருக்கு இவர்களுடைய கொச்சி ஓட்டலில் ஆறு மாசம் டிரெயினிங். இடம் ஒன்றே ஒன்று.

எனக்கு வேண்டும். ரொம்ப வேண்டும். "மண்டிக்காரர் மக" என்று யாரும் சொல்லாத ஒரு ஊரில் ஆறு மாசமாவது இருக்க வேண்டும்.

ராத்திரி சாப்பிடும்போது அப்பா: "கொச்சி கெடச்சா போ, நான் தடுக்கல. கெடைக்கலேன்னா படிப்பு முடிஞ்சு மண்டில வந்து உக்காரு."

அம்மா: "ஹாஸ்பிடாலிட்டி லீடர்ஷிப்புன்னு ஒரு பாடமா? எலெக்சன்லயா நிக்கப் போறீக?"

ஜூன் 27, வெள்ளி

லீடர், முதல் நாள். செய்ய வேண்டியவை:

- ரிசப்ஷன் ஜாடியில் பிளாஸ்டிக் பூ. தூக்கிப் போட வேண்டும்.
- ஜெபாவின் ஷூ. பாலிஷ் என்றால் என்னவென்றே தெரியாது போல.
- "என்ன வேணும்?" கூடாது. மளிகைக் கடை மாதிரி இருக்கிறது.
- கெஸ்ட்டிடம் என்ன பேசுவது, எப்போது பேசுவது: ஒரு தாள்.

தாள் எழுத மத்தியானம் முழுக்க ஆனது. வந்ததும் சொல்வது, சாவி கொடுக்கும்போது சொல்வது, லிஃப்ட்டில் சொல்வது. வெளியே கிளம்பும்போது: "எங்க சார் கிளம்பிட்டீங்க? வண்டி ஏதும் வேணுமா?" பாடப் புத்தகத்தில் இருக்கிறது, விருந்தினர் விஷயத்தில் நமக்கு அக்கறை உண்டு என்று அவருக்குத் தெரிய வேண்டும். இப்படிக் கேட்டால் வைகை அணை, சுருளி என்று கார் புக்கிங்கும் கிடைக்கும். முதலில் இங்கிலீஷில் எழுதி அப்புறம் தமிழ். அடியில் கொட்டை எழுத்தில்: தயாரிப்பு, கார்த்திகா, டீம் லீடர். லேமினேட் பண்ணி கவுண்டர் கண்ணாடியில் ஒட்டியாயிற்று.

ஜெபா படித்துப் பார்த்துவிட்டு, "இம்புட்டும் மனப்பாடமா, லீடர் மேடம்?"

"ஆமா. ஒரு எழுத்து மாறக் கூடாது."

போடிக்காரன். அப்பா ஜவுளிக்கடை. சர்ச்சில் பாடுவான். யாரைப் பார்த்தாலும் ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் சொந்தம் கண்டுபிடித்துவிடுவான். ரெஜிஸ்டரில் பேரைத் தப்பாக எழுதுவான். என் கணக்கில் போட்டியே இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

ஜெபாவுக்கு லீவு, சர்ச். காற்று நின்று புழுக்கம். கை விரலில் லேமினேட் வெட்டியது எரிகிறது.

சாயந்தரம் அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு குடும்பம், ஒரு வேன் நிறைய. நாளைக்குச் சின்னமனூரில் பெண் பார்க்கப் போகிறார்கள். தாம்பூலத் தட்டு, பூ, பழம் எல்லாவற்றையும் எங்கள் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னார்கள். ஃப்ரிட்ஜ் முழுக்க மல்லிகை. மாப்பிள்ளை ஃபோனை விட்டுத் தலை நிமிரவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா கவுண்டரில் சாய்ந்துகொண்டு மெதுவாக: "ஆடி பொறக்கறதுக்குள்ள ஒண்ணு அமையணும்மா. இது நாலாவது எடம். ஏழரைக்கு ராகு காலம், அதுக்கு முன்ன வாசலத் தாண்டிறணும்."

எழுதிக்கொண்டேன். ஆறரைக்குக் காபி. ஏழுக்கு வேன் போர்ட்டிகோவில். எல்லாம் பக்கா. இந்த மாதிரி விஷயத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

ஜூன் 30, திங்கள்

எங்கே ஆரம்பிப்பது.

காபி சரியாகப் போனது. வேன் நின்றது. மாப்பிள்ளை சட்டையில் ஏதோ கறை, மாற்றப் போய் லேட். ஏழு இருபத்தைந்துக்கு எல்லோரும் இறங்கி வந்தார்கள். சித்தப்பா ஒருவர் முன்னால் போய் ரோட்டில் சகுனம் பார்த்துவிட்டுக் கை காட்டினார். அந்த அம்மா தட்டோடு முதலில். வலது கால் வாசலுக்கு வெளியே.

கதவைத் திறந்து பிடித்திருந்தவன் ஜெபா. நேற்று லீவு. இவர்கள் யார், எதற்குப் போகிறார்கள், ஒன்றும் தெரியாது. நானும் சொல்லவில்லை. ஷூ பாலிஷ் போட்டிருந்தான். தாளில் உள்ளபடியே, ஒரு எழுத்து மாறாமல், நல்ல சிரிப்போடு:

"எங்க சார் கிளம்பிட்டீங்க? வண்டி ஏதும் வேணுமா?"

அந்த அம்மா வெளியே வைத்த காலை உள்ளே எடுத்தார்.

வரிசையாகத் திரும்பி வந்து சோஃபாவில் உட்கார்ந்தார்கள். தட்டு டீப்பாயில். கிளம்பும்போது யாராவது எங்கே என்று கேட்டுவிட்டால் போகிற காரியம் தடை. திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். இது எனக்குத் தெரியாதா? அப்பா தினமும் வாசலில் "தூரமாப்பா" என்று கேட்பது பின்னே எதற்கு? எழுதும்போது ஞாபகமே வரவில்லை. இவர்கள் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் ஏழரை. இனி ஒன்பது வரை அசைய முடியாது.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்து நின்றார். "கெளம்பற நேரத்துல கேக்குற கேள்வியாய்யா இது? யாரு சொல்லிக் குடுத்தது ஒங்களுக்கு?"

நான் கவுண்டரிலிருந்து ஓடினேன். ஓடி ஜெபாவிடம், லாபி முழுக்கக் கேட்க: "அறிவிருக்காடா ஒனக்கு? கெளம்பறவுகளப் பாத்து எங்கன்னு கேப்பியா?"

சொல்லும்போதே தெரிந்தது, அது என் வரி. பத்தடி தள்ளிக் கண்ணாடியில் என் பேரோடு ஒட்டியிருக்கிறது. ஜெபா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தண்ணி கொண்டாரேன்" என்று உள்ளே போனான்.

அப்புறம் நான் செய்தவை: வேன் டிரைவருக்கு ஃபோன். கிச்சனுக்கு ஃபோன், இட்லி. ஏசியைக் கூட்டினேன், குறைத்தேன். யாரும் இட்லி தொடவில்லை. ஜெபா செய்தது: எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்தான். டியூட்டியில் கெஸ்ட் பக்கத்தில் உட்காரக் கூடாது. தாளில் இருக்கிறது.

கவுண்டரிலிருந்து கேட்டது:

"ஒனக்கு நெசமாவே தெரியாதா தம்பி?"

"தெரியாதும்மா. எங்க வீட்ல ஜெபம் பண்ணிட்டுக் கெளம்புவோம். யாரு கேட்டாலும் சொல்லிட்டே போவோம்."

"எங்களுக்கு அப்பிடி இல்லப்பா. கேட்டே ஆகணும்னா தூரமான்னு கேக்கணும்."

"தூரமாம்மா?"

"அட, இந்தா இருக்க சின்னமனூரு" என்று அந்த அம்மா சிரித்துவிட்டார். மாப்பிள்ளையும் சிரித்தான். அவன் பல்லை அப்போதுதான் பார்த்தேன்.

பெண் வீட்டுக்கு என்ன சொல்வது என்று அப்பாக்காரர் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார். ஜெபாதான்: "உள்ளதச் சொல்லுங்கய்யா. ராகு காலத்துல போயி நின்னாத்தான் அவுக சங்கடப்படுவாக." சொன்னார். அந்தப் பக்கம், மெதுவா வாங்க, பலகாரம் இப்பத்தான் போடுறோம் என்றார்களாம். அதற்கப்புறம் இட்லி போயிற்று, இரண்டாவது தடவை சட்னியும் கேட்டார்கள்.

ஒன்பதுக்குப் பிறகு கிளம்பினார்கள். ஜெபா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குக் கொஞ்சம் முன்னால் அந்த அம்மா என்னிடம் வந்து, தணிந்த குரலில்: "ஏம்மா, எல்லாரும் பாக்க அந்தப் புள்ளைய அப்பிடி வையலாமா? அவன் கேட்டதுகூடப் போயிட்டுப் போவுது. நீ வஞ்சதுதான் எங்களுக்குச் சங்கடமாப் போச்சு."

சாயந்தரம் ஷைலா மேடம் தாளைக் கண்ணாடியிலிருந்து உரித்து மேஜையில் வைத்தார். யார் எழுதியது என்று கேட்கவில்லை. அதுதான் கொட்டை எழுத்தில் இருக்கிறதே.

"மோளே, கேள்வி தப்பு. போகட்டும், நானும் படிச்சிட்டு விட்டதுதான். நீ கவுண்டர்ல இருந்து வாசல் வரைக்கும் ஓடினியே, கெஸ்ட்டப் பாக்கவா, ஜெபாவத் திட்டவா?"

பெட்ஷீட் அடுக்கும் ரூமில் போய் அழுதேன்.

ஜூலை 1, செவ்வாய்

காலையில் மோர் மட்டும். ஜாடிக்கு நிஜப் பூ வந்தது, சம்பங்கி.

டீ நேரத்தில் ஜெபாவிடம், "அது நான் எழுதுன வரிடா."

"தெரியும். நீதான் லேமினேட் பண்ணி வச்சிருக்கியே."

"ஏன் அப்பவே சொல்லல?"

"அவுக எம்புட்டுச் சங்கடத்துல உக்காந்திருந்தாக. நடுவுல நம்ம சண்டையும் பாக்கணுமா?" டீயை ஊதினான். "ஆனா எனக்குக் கோவம் இருக்கு. இன்னும் ரெண்டு நாளைக்கு இருக்கும்."

சரி என்றேன். ஸாரி சொன்னேன். வடை எப்போதும் அவன் வாங்குவான், இன்று நான் வாங்கிக் கொடுத்தேன். தின்றான்.

ஜூலை 5, சனி

சாரல் வந்தேவிட்டது. போர்ட்டிகோ வழுக்குகிறது, மிதியடி இரண்டு எக்ஸ்ட்ரா.

நேற்றிலிருந்து ஜெபா லீடர். தாள் கிடையாது, லிஸ்ட் கிடையாது. சாவி ஒன்றைத் தொலைத்து அவனே கண்டுபிடித்தான், அவன் பாக்கெட்டில். எனக்குக் கை பரபரக்கிறது. ஆனால் காலையில் வந்ததும் என்னை உட்காரவைத்து ஒவ்வொரு ரூமிலும் யார் இருக்கிறார்கள், எதற்கு வந்திருக்கிறார்கள் என்று சொல்கிறான். மேல் மாடியில் ஒருவர் மகளை ஹாஸ்டலில் விட வந்தவராம், ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம். அவரிடம் நான் எதுவும் கேட்காமல் காபி கொடுத்தேன். தானாகவே பேசினார்.

மத்தியானம் ஃபோன். அருப்புக்கோட்டை. "அந்தத் தம்பி இருக்காகளா?" கொடுத்தேன். அவன் முகத்திலேயே தெரிந்துவிட்டது. பூ வைத்தாகிவிட்டதாம். ஆவணியில் கல்யாணம். கண்டிப்பா வரணுமாம்.

"ஒன்னையும் கூப்பிட்டாக."

"என்னையுமா? என்னன்னு சொன்னாக?"

"அந்த வஞ்ச புள்ளையவும் கூட்டிட்டு வான்னு."

சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. மேடம் எட்டிப் பார்த்தார். அன்றைக்கு அப்புறம் முதல் தடவையாக மூச்சு ஒழுங்காக விட்டேன்.

ஜூலை 10, வியாழன்

ஜெபா.

தெரிந்ததுதான். முந்தாநாளே தெரியும். இருந்தாலும் மேடம் அவன் பேரைச் சொன்னபோது காது அடைத்தது. கை கொடுத்தேன். சந்தோஷம்டா என்றேன். சந்தோஷம் இல்லை. பொறாமை, அப்பட்டமான பொறாமை. அவனுக்குக் கடல் பார்க்கவேண்டும் என்றுகூட இல்லை. கொச்சியில் மீன் ஃப்ரெஷ்ஷா கிடைக்குமா என்று கேட்டான்.

மேடம் என்னைத் தனியாக: "வேலை நீ அவனைவிட நல்லா செய்யும். ஆனா உன்கூட நிக்கிற ஆளுக்குப் பயம். ஜனவரியில் திரும்ப ஒரு ஆள் எடுக்கும், கேட்டோ. அப்ப வா."

தலையாட்டினேன். ஜனவரி. அப்பா சொன்னது இந்த ஒரு தடவைக்குத்தானே.

வீட்டில் சொன்னேன். அப்பா வருத்தப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு தோசை கேட்டார். அம்மா என் தட்டில் நெய் ஊற்றினாள். ஜனவரி விஷயம் வாய் வரை வந்தது, சொல்லவில்லை. இன்னொரு தடவையும் கிடைக்கவில்லை என்று ஆகிவிட்டால்?

ஜூலை 13, ஞாயிறு

தூறல். குடை மறந்தேன்.

பஸ் ஸ்டாண்ட். ஜெபா விடிகாலை ஆராதனை முடித்து போடியிலிருந்து வந்திருந்தான். கொச்சிக்கு மூணாறு வழியில் மழையாம், அதனால் குமுளி வழி. பெரிய பை ஒன்று, முறுக்கு டின் ஒன்று, ஷூ பளபளவென்று. ஆவணியில் கல்யாணத்துக்கு லீவு கேட்டு வருவானாம், போகுமுன்னே லீவு.

"வாரேன் கார்த்தி" என்று பையைத் தூக்கிக்கொண்டு நேராகத் திண்டுக்கல் பஸ்ஸில் கால் வைத்தான்.

"ஏலே, எங்கன போற?"

கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். எத்தனை பட்டாலும் இந்த வாய்க்குப் புத்தி வராது.

அவன் படியிலிருந்து காலை எடுத்தான். திரும்பி வந்தான். பையைக் கீழே வைத்தான். சிமெண்ட் பெஞ்சில் ஈரத்தோடு ஈரமாக உட்கார்ந்து, பாட்டிலைத் திறந்து, அண்ணாந்து நிதானமாகத் தண்ணீர் குடித்தான். அவனுக்கு இதில் நம்பிக்கை கிடையாது. பக்கத்தில் குமுளி பஸ் ஹாரன் அடித்தது.

எழுந்து பையை எடுத்தான். "ம். இப்பக் கேளு."

"தூரமாடா?"

"தூரந்தான்."

ஓடிப்போய் ஏறினான். சரியான பஸ்தான், பார்த்துக்கொண்டேன். கண் கலங்கியது, தூறல் என்று வைத்துக்கொள்ளலாம்.

பாட்டிலை பெஞ்சிலேயே விட்டுவிட்டான். பாதி இருந்தது. பஸ் திரும்பி மறைந்ததும் நான் அங்கேயே உட்கார்ந்தேன். மிச்சத் தண்ணீரைக் குடித்தேன். எழுந்து மண்டிக்கு நடந்தேன், அப்பாவிடம் ஜனவரி விஷயத்தைச் சொல்ல.