கழுத்துச் சாலை

அக்டோபர் 9, வியாழன்

இன்று சுற்றுலாப் பயணிகள் பெரிய கூட்டம். வழக்கம்போல வேனைக் கழுத்தில் நிறுத்தச் சொன்னேன். நிலம் மெலிந்து மெலிந்து ஒரு சாலையின் அகலத்துக்கு மட்டும் மிஞ்சியிருக்கும் இடம் அது. எங்கள் ஊர் இருக்கும் முனையை வெளியுலகத்தோடு சேர்த்துவைத்திருக்கும் ஒரே வழி. வலப்பக்கம் கடல் பச்சை, இடப்பக்கம் கருநீலம். பயணிகள் இறங்கி வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். அப்போதுதான் நான் கதையை எடுப்பேன். முன்னொரு காலத்தில் கடல் இந்த இடத்தை அறுத்துக்கொண்டு போனது. எங்கள் முனை இரண்டு தலைமுறை தீவாகக் கிடந்தது. பல தேசத்து வணிகர்கள் கூடிய சந்தை அப்படியே செத்துப்போனது. பிறகு கடலே மணலைக் கொண்டுவந்து கொட்டி ஒட்டிக் கொடுத்தது. "கடல் அறுக்கும், கடலே தைக்கும்" என்று முடிப்பேன். கை தட்டுவார்கள்.

இன்று ஒரு பெரியவர் தட்டவில்லை. "மறுபடியும் அறுக்குமாம்மா?" என்று கேட்டார். சிரித்துச் சமாளிக்கலாம் என்று தடுப்புச்சுவர் ஓரம் குனிந்தேன். சாலைக்கு அடியில் மண்ணைக் காணோம். தார் மட்டும் பலகைபோல் நீட்டிக்கொண்டிருந்தது. கீழே தண்ணீர் உள்ளே போய்ப் போய் வந்தது.

"வாங்க, கோட்டைக்குப் போகலாம்" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது போல இருந்தது.

அக்டோபர் 10, வெள்ளி

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். வேனைக் கழுவிக்கொண்டே கேட்டார். "ஊருக்கெல்லாம் சொல்ற கதையை நீயே நம்ப ஆரம்பிச்சிட்டியா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்."

அவருடைய அக்கா அறைகளுக்குப் போர்வை மடித்துக்கொண்டிருந்தார். தங்கும் விடுதி அக்காவுடையது, வேனும் இரண்டு படகும் எங்களுடையவை, வாய் என்னுடையது. இப்படித்தான் எங்கள் குடும்பம் ஓடுகிறது. ஊரில் அக்காவுக்குக் கப்பல் என்று பெயர். அவர் திரும்புவதென்றால் மற்றவர்கள்தான் ஒதுங்கவேண்டும். "எங்க காலத்துலேர்ந்து அந்த ரோடு அப்படித்தான் ஆடிட்டிருக்கு" என்றார் கப்பல்.

அப்படியென்றால் எனக்குத்தான் பைத்தியமா?

அக்டோபர் 13, திங்கள்

காற்று திசை மாறிவிட்டது. இரண்டு தடவை வாசலுக்குப் போய்க் கடலைப் பார்த்துவந்தேன்.

அக்டோபர் 16, வியாழன்

மகளை டவுனுக்குக் கூட்டிப்போனோம். எட்டாம் மாதம். கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையவில்லை. டாக்டரம்மா பிரஷர் பார்த்தார், மறுபடி பார்த்தார். "ஏறிக்கிட்டே போகுது. தலைவலியோ கண்ணு மங்கலோ வந்தா யோசிக்கவே கூடாது, உடனே இங்க வந்துடணும்" என்றார்.

"இப்பவே டவுன்ல ஒரு ரூம் எடுத்துத் தங்கிடட்டுமா?" என்று கேட்டேன்.

"முடிஞ்சா நல்லதுதான்."

திரும்பும் வழியெல்லாம் அவரிடம் சண்டை. சீசன் நேரத்தில் வேனை யார் பார்ப்பது என்கிறார். மகளோ, "அம்மா, உன் பயத்தை எனக்கும் தொத்த வைக்காதே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் புருஷன் எந்தக் கடலிலோ சரக்குக் கப்பலில் இருக்கிறான். அவளுக்கும் பயம்தான். எனக்குத் தெரியாதா?

கழுத்தில் மணல் மூட்டைகள் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சாலை அதிகாரி என்னைத் தெரிந்தவர். "நாங்க பாத்துக்கறோம்மா. டூரிஸ்ட்டுங்ககிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லிடாதீங்க" என்றார். தைரியம் சொல்கிற ஆள் என் கண்ணைப் பார்த்தல்லவா சொல்லவேண்டும்?

அக்டோபர் 19, ஞாயிறு

கோட்டை, கலங்கரை விளக்கம், வணிகர்களின் கல்லறைகள் — எல்லாவற்றையும் பாடம் ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தேன். அந்தக் கல்லறைகள் என்றால் எனக்கு உயிர். மூன்று மொழியில் பெயர்கள். உயிரோடு இருந்தபோது சந்தையில் விலைக்கு அடித்துக்கொண்டவர்கள் தோளோடு தோள் உரசிப் படுத்திருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது யாராவது ஒருவர் கண்ணையாவது கலங்கவைப்பேன். இன்று சொல்லும்போது, இவர்களில் எத்தனை பேர் ஊருக்குத் திரும்ப வழியில்லாமல் இங்கே செத்தார்களோ என்று தோன்றியது.

திரும்பும்போது ஒரு ஜோடி படம் பிடிக்கக் கழுத்துச் சுவரில் ஏறி உட்கார்ந்தது. "இறங்குங்க! இறங்கித் தொலைங்க!" என்று கத்திவிட்டேன். அந்தப் பெண் அழுதேவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர்: "பத்துப் பேர் முன்னாடி மானத்தை வாங்கிட்டே. இனிமே நீ கதை சொல்ல வேணாம், வீட்டுல இரு."

அக்டோபர் 20, திங்கள்

பேச்சுவார்த்தை இல்லை. தட்டை வைக்கும் சத்தம் மட்டும்.

அக்டோபர் 22, புதன்

புயல் எச்சரிக்கை. ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு, விருப்பமுள்ளவர்கள் டவுனுக்குப் போகலாம் என்று சொல்லிப்போனார்கள். விருப்பமாம்! தங்கியிருந்த பயணிகள் காலையிலேயே காலி செய்துவிட்டார்கள். "நாளைக்குப் படகையெல்லாம் இழுத்துக் கட்டிட்டு, அப்புறம் பாக்கலாம்" என்கிறார் அவர். அப்புறம், அப்புறம். இந்த அப்புறத்தை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

அக்டோபர் 24, வெள்ளி — ஆஸ்பத்திரி

எழுதினால் மனசு அடங்குமோ என்று எழுதுகிறேன்.

நேற்று மதியம் அவர் முனையின் கோடியில் படகுகளைக் கட்டப் போயிருந்தார். போன் எடுக்கவில்லை. மகள் சுவரைப் பிடித்துக்கொண்டே கூடத்துக்கு வந்தாள். "அம்மா, நீ ரெண்டு ரெண்டா தெரியுற" என்றாள்.

வேன் சாவியை எடுத்தேன். கப்பல் குறுக்கே வந்து நின்றார்.

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியும்."

"கடைசியா எப்ப ஓட்டுன?"

"கல்யாணத்துக்கு முன்னாடி."

என்னை ஒரு பார்வை பார்த்தார். நிறுத்தப்போகிறார் என்று நினைத்தேன். "நல்லா வெளங்கும்" என்றபடி பின்கதவைத் திறந்து ஏறி, மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். எதிர்க்கடைக்காரரிடம், "தம்பி வந்தா சொல்லு, நாங்க டவுனுக்குப் போறோம்னு" என்று கத்தினார். அவ்வளவுதான். கிளம்பிவிட்டோம்.

கழுத்தில் சாலை தெரியவில்லை. இரண்டு கடலும் ஒரே நிறமாக, சாம்பலாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டிருந்தன. கால் தானாக பிரேக்குக்குப் போனது. இத்தனை வருஷமும் நிறுத்திய இடமல்லவா.

"நிறுத்தாதே!" என்றார் கப்பல். "நின்னுபோச்சுன்னா நான்தான் இறங்கித் தள்ளணும். நான் தள்ளுனா வண்டியும் தாங்காது, ரோடும் தாங்காது." பிறகு வேறு குரலில்: "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன. போ."

போனேன். சுவரின் தலை மட்டும் அங்கங்கே தெரிந்தது. அதை வைத்துப் போனேன். நடுவில் பின்சக்கரம் எதிலோ இறங்கியது. ஒரு கணம் அடியில் ஒன்றுமே இல்லை. என் வாயிலிருந்து வந்த சத்தம் மனுஷச் சத்தமாக இல்லை. பிறகு சக்கரம் பிடித்தது.

மாலையில் ஆபரேஷன். பெண் குழந்தை. கைக்குள் அடங்கிவிடும், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். மகள் கண் திறக்கவில்லை. திறப்பாள் என்கிறார் டாக்டரம்மா.

வராந்தாவில் யாரோ பேசிக்கொண்டு போனார்கள்: "கழுத்து போயிடுச்சாம்."

அவர்?

அக்டோபர் 25, சனி

மகள் கண் திறந்தாள். குழந்தையைக் கேட்டாள். அடுத்து, "அப்பா எங்கம்மா?" என்றாள். "படகு கட்டப் போனவரு அங்கேயே இருப்பாரு" என்றேன்.

போன் கோபுரம் விழுந்துவிட்டதாம். மதியம் ஒரு லாரிக்காரர் சொன்னார்: வியாழன் மாலை டவுன் கரையில் நின்றபோது, அந்தப் பக்கம் ஒருத்தர் பைக்கில் கழுத்தை நோக்கி வேகமாக வருவதைப் பார்த்தாராம். அப்புறம் மழை மறைத்துவிட்டதாம். எங்களைத் தேடித்தானே வந்திருப்பார்? நான் காத்திருக்காமல் வந்ததால்தானே? ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன். ஒருத்தியைக் காப்பாத்தப் போய் —

கப்பல் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவருக்குத் தம்பியல்லவா.

அக்டோபர் 26, ஞாயிறு

கடல் அடங்கவில்லை. படகு போகாதாம். என்மேல கோவமாவாவது இரு. திட்டு. அடி. இரு, அது போதும்.

அக்டோபர் 27, திங்கள்

வந்துவிட்டார். முதல் படகில். ஆஸ்பத்திரி வாசலில் வெறுங்காலோடு நின்றார். வலது கையைத் துண்டால் தூளிபோல் கட்டியிருந்தார். கப்பல்தான் முதலில் பார்த்தார். "டேய்" என்றார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

என்னைத் திட்டவில்லை. மகளைப் பார்த்தார், கண்ணாடி வழியே குழந்தையைப் பார்த்தார். வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"கடைக்காரன் சொன்னதும் பைக்கை எடுத்துட்டு ஓடிவந்தேன். கடல் ரோட்டுல மணலைக் கொட்டியிருந்துச்சு. மணல்ல நம்ம வேன் டயர் தடம். நேரா போச்சு. அப்புறம் ரோடே இல்லை."

"என்னங்க..."

"தடம் தண்ணிக்குள்ள போயிடுச்சு. நாலு பேரும் உள்ள போயிட்டீங்கன்னு..." குழந்தையையும் சேர்த்து எண்ணியிருக்கிறார். "இன்னிக்குக் காலையில படகுக்காரன் சொல்ற வரைக்கும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்."

பைக் வழுக்கி விழுந்ததில்தான் கை முறிந்ததாம். விழாமல் இருந்திருந்தால் நேராகக் கடலுக்குள் போயிருப்பாராம். அதை அவர் வருத்தத்தோடு சொன்னதுபோல் இருந்தது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

நவம்பர் 15, சனி

டவுனில் மாடி வீடு ஒன்று வாடகைக்குப் பிடித்தோம். குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டாள். குரல் மட்டும் அத்தைப்பாட்டி மாதிரி என்கிறாள் மகள். கப்பலுக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் கடல் பக்க ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறார். காற்று கொஞ்சம் வலுத்தால் எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறார்.

டிசம்பர் 6, சனி

சுற்றுலா அலுவலகத்தில் கூப்பிட்டிருந்தார்கள். முனைக்கு இனிப் படகில்தான் பயணிகளைக் கொண்டுபோவார்களாம். கதை சொல்ல என்னையும், படகோட்ட அவரையும் கேட்டார்கள். வரேன் என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு வேணாங்க. ஸ்கூல் வண்டி ஓட்டறேன்னு சொல்லியிருக்கேன்" என்றார்.

டிசம்பர் 13, சனி

முதல் படகு. கழுத்து இருந்த இடத்துக்கு மேலேயே போனோம். தண்ணீருக்கடியில் தார் தெரிகிறதா என்று எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டே பேசினேன். பயணிகள் அதையும் நடிப்பு என்று நினைத்திருக்கலாம்.

கல்லறைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோட்டையில் ஒரு சுவர் விழுந்திருக்கிறது. கடைக்காரர் கடையைத் திறந்துவைத்திருந்தார். என்னைக் கண்டதும் அழுதார், உடனே ஐஸ்கிரீம் விலையை ஏற்றிவிட்டதாகவும் சொன்னார்.

சாயங்காலம் டவுன் கரையில் இறங்கியபோது படகுத்துறையில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நின்றிருந்தார். பக்கத்தில் குடையோடு கப்பல்.

"காலையில நீ ஏறுனதுலேர்ந்து இங்கதான் நிக்கறான்" என்றார் கப்பல். "வீட்டுக்கு வாடான்னா காதுலயே வாங்கலை. குடையாவது பிடிப்போம்னு நானும் நின்னுட்டேன்."

குழந்தையை வாங்கினேன். கன்னம் வெயிலில் சிவந்து சுட்டது. "பச்சப்புள்ளைய இப்படியா வெயில்ல வச்சிருப்பீங்க?" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன்.

அவர் என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டே வீடு வரைக்கும் நடந்துவந்தார்.