கையை எடுத்தால் இரையும்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலியும் மாமாவின் மூச்சிரைப்பும் எப்படி இருக்கின்றன?

ஒரு வேடிக்கை கேள். லீவு நாளில் எங்கள் கம்பெனி விடுதிக் கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். நல்லதாய்ப் போயிற்று என்று, பழைய ஸ்பீக்கருக்கு நானே ஒரு ஆம்ப்ளிஃபையர் செய்தேன். போட்டதும் ஒரே இரைச்சல். பெட்டியின் தகரத்தில் விரலை வைத்தால் அடங்குகிறது, எடுத்தால் கத்துகிறது. அறையிலிருக்கும் எலக்ட்ரீஷியன் அண்ணன் சிரித்துவிட்டார்.

"எர்த் குடுக்கலைடா தம்பி. இப்ப நீதான் எர்த்து. கையை எடுக்காம உக்காரு!"

உட்கார்ந்தபடியே, நீ போனில் அனுப்பிய பாப்பாவின் குரலைப் போட்டேன்.

"அப்பா, எப்ப வருவீங்க?"

அறை முழுக்கக் கேட்டது. சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் யாரும் அடுத்த சீட்டைப் போடவில்லை. எல்லோருடைய பாஸ்போர்ட்டும் மேனேஜர் பீரோவில்தான். கேட்டால் "பாக்கலாம், பாக்கலாம்" என்கிறார். நீ கவலைப்படாதே.

அடுத்த முறை பாப்பாவைப் பாட்டு ஏதாவது பாடச் சொல். அந்தக் கேள்வி மட்டும் வேண்டாம். காதைப் பொத்திக்கொள்ளலாம் என்றால், ஒரு கை பெட்டியோடு மாட்டிக்கொள்கிறது.

வேலைக்குப் போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது.

உன்னவன்