குழலைக் கழுவிய தண்ணீர்

உன் வீட்டில் பெயின்ட் மணக்கிறது. சுவர், யன்னல், கேற், எல்லாவற்றிலும். அடுத்த மாதம் உன் தங்கச்சிக்குக் கல்யாணம். ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை இந்த வீட்டுக்குத்தான் வந்து குடியேறுவார். நீ கத்தாரில் இருந்து கட்டிய வீடு. வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே, ஒரு கதிரையின் மேல், அந்தக் கிராமபோன் குழல்.

தங்கச்சி அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தாள். அண்ணனான உன்னை அவள் காக்கா என்றுதான் சொல்வாள்.

"காக்காட சாமான். எறியவும் ஏலா, இப்படியே வெச்சிருக்கவும் ஏலா. மாப்பிள்ள வீட்டாக்கள் பாத்தா என்ன நினைப்பாங்க? பெயின்ட் அடிச்சித் தாங்க. இல்லாட்டி உங்கட வீட்டுக்குக் கொண்டு போங்க."

எடுத்துப் பார்த்தேன். ஊமத்தம்பூ போல விரிந்த தகரம். வெளியெல்லாம் நீலம் கொப்பளித்து உரிந்திருந்தது. அடியில் துரு. விரலில் ஒட்டியது.

பொத்துவிலில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது உனக்குக் கிடைத்தது. பெட்டி இல்லை, இசைத்தட்டு இல்லை, குழல் மட்டும். பஸ்ஸில் நீ அதை மடியில் வைத்திருந்தாய். முன் சீட்டுப் பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன தம்பி, உங்கட பள்ளியில கரண்ட் இல்லையா?"

"கரண்ட் இருக்கு ஹாஜியார். பாங்கு சொல்ற மோதினாருக்குத்தான் தொண்டை இல்ல."

பஸ்ஸே சிரித்தது. நீ சிரிக்கவில்லை.

சாய்ந்தமருதுக் கரையில் வள்ளங்களுக்குப் பெயின்ட் அடித்தவன் நீ. இரும்பைச் சுரண்டியதும் கழுவுவாய். அதற்கு முன்னர் ஒரு துளி தண்ணீரை நாக்கில் வைப்பாய். "எங்கட கிணத்துல பாதி கடல் மச்சான். அதுல கழுவிட்டு அடிச்சா, பெயின்ட்டுக்குக் கீழ உப்பும் குடியிருக்கும்."

எனக்கு அப்போது கெம்பஸ் விடுமுறை. காலை முழுக்க நீ குழலைச் சுரண்டினாய். கழுவும் வேலையை என்னிடம் விட்டுப் பெயின்ட் வாங்கப் போனாய். பைப்பில் தண்ணீர் வரவில்லை. கொஞ்சம் காத்திருந்தேன். பிறகு கிணற்றில் வாளியை விட்டேன்.

திரும்பி வந்து கேட்டாய். "பைப் தண்ணிதானே?"

"ஓம்," என்றேன்.

அன்று நீ நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை.

மழைக்குப் பிறகு நீலம் கொப்பளித்தது. அதற்குள் உனக்கு விசா வந்திருந்தது. குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "என்ட கை போயிட்டு மச்சான். நல்ல காலம், வெளிநாடு போறன். இனி எவன் என்னை நம்பி வள்ளத்தத் தருவான்? வந்து திருப்பி அடிப்பம்." வாளியைப் பற்றி அப்போதும் நான் சொல்லவில்லை.

நீ வரவில்லை. கத்தாரில் நீ இறந்ததும் உன்னை அங்கேயே அடக்கினார்கள். இங்கே நாங்கள் காயிப் ஜனாஸா தொழுதோம். உடலைச் சுமக்கும் சந்தூக்கு முன்னால் இல்லாத தொழுகை. சீக்கிரம் முடிந்துவிட்டது.

தங்கச்சியிடமிருந்து கொண்டு வந்த குழல் மூன்று நாட்களாக என் மேசையில் இருந்தது. புதிதாக அடித்தால் என் வாளித் தண்ணீர் பெயின்ட்டுக்கு அடியில் மறைந்துவிடும். அப்படியே விட்டால் பழம்பொருளைப் பேணுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பல்கலைக்கழகத்தில் அதற்கு நல்ல சொற்கள் கற்றிருக்கிறேன். இரண்டிலும் உன் கை பிழையாகவே இருக்கும்.

நான்காம் நாள் தங்கச்சியிடம் சொன்னேன். "அவன்ட கை பிழையில்ல. தண்ணிதான் பிழை. கிணத்துத் தண்ணியில கழுவினது நான். கேட்டதுக்குப் பைப் தண்ணி எண்டு பொய் சொன்னன்."

அவள் திரைச்சீலை மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"உம்மா இன்னும் செல்லுவா, போற அவசரத்துல அரைகுறையா அடிச்சிட்டுப் போயிட்டான் எண்டு."

இன்னொரு சீலையை மடித்தாள்.

"பெயின்ட் வேணாம். கழுவி மட்டும் தாங்க. இந்த முறையாவது பைப்பில."

"மாப்பிள்ள வீட்டாக்கள்?"

"கேட்டா நான் கதைக்கிறன். உம்மாட்டயும் நானே கதைக்கிறன்."

உன் முற்றத்துப் பைப்படியில் கழுவினேன். உரிந்த நீலம் தானாகப் போனது. குழலின் ஒடுங்கிய கழுத்தில் நான்கு விரல் அகலத்துக்கு நீலம் அப்படியே நின்றது, கொப்பளம் இல்லாமல். முதல் தடவை, கிணற்று வாளியோடு, அந்த இடத்தை நான் கழுவவே இல்லை. இந்த முறை அந்த நீலத்தை அப்படியே விட்டுவிட்டேன். துருவை உலர்த்தி, மெல்லிதாக எண்ணெய் தடவினேன். இப்போது அது உன் வீட்டு ஹோலில் தொங்குகிறது.

எதைக் கழுவுவதற்கும் முன்னால் இப்போது நான் ஒரு துளியை நாக்கில் வைக்கிறேன். குழலைக் கழுவிய அன்று உன் பைப்படியிலும் வைத்தேன். உப்பில்லை. தங்கச்சி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கி வந்து, கையை நீட்டி, தானும் ஒரு துளி வைத்துப் பார்த்தாள்.