மூன்றாவது அடி

1972 ஜூலை 28, வெள்ளி. லோவு, பிஜித் தீவு.

சுவாப் பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வந்து ஐந்து நாள். மழை இல்லை. தொண்டையில் கரும்புத் தூசி.

பெரியப்பா மகன் ஏழுமலை அண்ணன் இன்று காப்புக் கட்டிக்கொண்டார். மகள் ருக்மணிக்கு இன்னும் கால் ஊன்றவில்லை; அவளுக்காகத் தீ மிதிக்க வேண்டுதல். பத்து நாள் கோயிலில்தான் வாசம். கவிச்சி கூடாது. பத்தாம் நாள் ஆற்றில் முழுகி வருபவர்கள் தலைக்கு மேல் தூக்கும் கைகளின் மணிக்கட்டில் பூசாரி மூன்று முறை சாட்டையால் அடிப்பார். கையை இழுத்துக்கொள்பவனுக்குத் தீக்குழி இல்லை.

நம்புகிறேனா? இல்லை. பார்க்கப் பிடிக்கும். அடி விழும் ஓசை பிடிக்கும் என்று எழுதினால் இன்னும் உண்மை.

ஜூலை 30

லவுத்தோக்கா டவுன். மகேந்திராவின் அறை, அவன் அப்பாவின் தையல் கடைக்கு மேலே. என்னோடு படிக்கிறான். விடுதியில் சீட்டாட்டம் நடத்தி இரண்டு பேருக்குப் பல் போக வைத்தவன்.

சுவரில் ஒரு தாள். தீ மிதிக்கப் போகும் ஒன்பது பேரின் பெயர்கள். யார் கையை இழுப்பான்? பந்தயம். விடுமுறைக்கு வந்த மாணவர்கள் பதினொரு பேர் கட்டியாயிற்று. ஒருவன் தன் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு பஸ் ஏறினான்.

"பூசாரி பேரையும் போடுடா. அவரு களைச்சு விழுந்தா?" என்றான் ஒருவன்.

நான் இன்னும் கட்டவில்லை. எங்கள் கூட்டாளி நசீம் கட்டவே மாட்டேன் என்றான். எங்கள் மூவரில் குதிரைப் பந்தயப் பைத்தியம் அவன்தான். "குதிரைக்கு நேத்திக்கடன் கிடையாதுடா. இவங்களுக்கு இருக்கு. என்னை விடு."

ஆகஸ்டு 3

அண்ணனுக்கு வேட்டி கொண்டுபோனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துப்போனார்.

"தம்பி, ஒரு தப்புப் பண்ணிட்டேன். நேத்து பசி தாங்கல. கரும்புக்குள்ள போயி டின் மீன் தின்னுட்டேன்."

"பூசாரிகிட்ட சொல்லிடுங்க அண்ணே."

"சொன்னா காப்ப அவுத்துடுவாரு. புள்ளைக்கு நேந்தது. நீ மட்டும் தெரிஞ்சுக்க. ஒருத்தர்கிட்டயாச்சும் சொல்லணும்ல."

அவர் வாயில் சாம்பல் வாசனை. தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறார்.

ஆகஸ்டு 4

என் கைக்கடிகாரத்தைக் கட்டினேன். ஏழுமலை கையை இழுப்பார் என்று. மீன் தின்ற பயம் இழுக்க வைக்கும்.

நான்கு வருடம் அசையாமல் நின்றவர். எல்லோரும் அவர் பக்கம். கடிகாரம் எனக்கு முக்கியமில்லை. நான் மட்டும் சரியாகச் சொன்னேன் என்று பிறகு பேசுவார்களே — அது.

மகேந்திரா சிரித்தான். "சொந்த அண்ணன் மேலயா? என்னடா தெரியும் உனக்கு?" என் விரல்களை மேசை இழுப்பறையில் வைத்து மூடினான். இன்னும் சிரித்துக்கொண்டே. இரண்டாம் முறை மூடுவதற்குள் சொல்லிவிட்டேன்.

வலியால் சொன்னேனா? விரல் வைப்பதற்கு முன்பே நாக்கு நுனியில் இருந்தது.

மகேந்திரா தன் பந்தயத்தையும் என் பக்கம் மாற்றிக்கொண்டான்.

ஆகஸ்டு 6, ஞாயிறு

அண்ணன் முறை. முதல் அடி. அசையவில்லை. இரண்டாவது. தோல் பிளந்தது, அசையவில்லை. நான் தோற்கிறேன் என்று நினைத்தேன். அண்ணன் ஜெயிக்கிறார் என்று அல்ல, நான் தோற்கிறேன் என்று.

கூட்டத்திலிருந்து மகேந்திரா கத்தினான்: "டின் மீன் தின்னவன்டா அவன். காப்போட தின்னவன்."

அண்ணன் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். மூன்றாவது அடி அந்த முகத்தில் விழுந்தது.

கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தவரை இழுத்துப்போட்டு மிதித்தார்கள். தீட்டு, தீட்டு என்று. பக்கத்து நிலத்துக்காரர்கள்தான். பூசாரி தடுக்கப்போய் அவரும் விழுந்தார். நான் நின்றேன். இருபது அடி தூரம்.

வேலிக்கு வெளியே பந்தயம் கட்டிய மாணவர்களுக்குள் வேறு சண்டை. தலை திரும்பினால் கணக்கா? கைதானே அசையக் கூடாது? ஒருவன் ஒருவனின் மூக்கை உடைத்தான். காலணி கட்டியவன் காலணியால் அடித்தான்.

ஆகஸ்டு 7

சாப்பிட முடிந்தது. இரண்டு முறை.

ஆகஸ்டு 11

ஆஸ்பத்திரி. அண்ணனுக்கு இடது கண் இல்லை. விலா எலும்பு மூன்று முறிவு.

"உன்னத் தவிர யாருக்கும் தெரியாது. நீ சொல்ல மாட்டே. அப்ப ஆத்தாதான் அந்தப் பய வாயில வந்து சொல்லியிருக்கா. பாத்துட்டு இருந்திருக்கா தம்பி." அழவில்லை. கிட்டத்தட்ட சந்தோஷம்.

வராந்தாவில் காத்திருந்த நசீம் என்னை அறைந்தான். மகேந்திரா அவனிடம் எல்லாம் சொல்லியிருக்கிறான். காது இன்னும் இரைகிறது.

"போய்ச் சொல்லுடா."

போகவில்லை.

ஆகஸ்டு 19

பந்தயம் நடத்தியதற்காகப் போலீஸ் மகேந்திராவைக் கூட்டிப்போயிற்று. எனக்கு எச்சரிக்கையோடு சரி. இவ்வளவுதானா? யாராவது அடித்தால் தேவலை.

ஆகஸ்டு 20

சொன்னேன். அண்ணனிடம், இழுப்பறை, கடிகாரம், எல்லாம்.

அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். கிட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் கையைத் தூக்கவில்லை.

"அப்ப ஆத்தா சொல்லலையா?"

"இல்லண்ணே."

"அவளுக்குத் தெரியவே தெரியாதா?"

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். மணிக்கட்டில் கிடந்த காப்புக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுக்கும் சத்தம் கேட்டது. கண்ணை எடுத்தது சாட்டை. மற்றதை எடுத்தது நான்.

செப்டம்பர் 18

பல்கலைக்கழகம் திறந்து இரண்டு வாரம். போகவில்லை.

கரும்பு வெட்டும் கூட்டத்துக்கு ஒவ்வொரு நிலமும் ஓர் ஆள் கொடுக்க வேண்டும். கொடுக்காத நிலத்தின் கரும்பு நின்று காயும். அண்ணன் என்னோடு பேசுவதில்லை. அண்ணியிடமும் நான் கேட்கவில்லை. அவர்கள் வீட்டு வாசலில் இருந்த வெட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

கூட்டத்தை மேய்க்கும் சர்தார் பழைய தாளைப் பார்த்தே பெயர் வாசித்தார்.

"ஏழுமலை."

யாரும் என்னைப் பார்க்கவில்லை.

"இருக்கேன்," என்றேன்.