பத்து மாடி இறங்கி ஓடிய நாள்

அண்ணா,

உங்கள் பீரோவிலிருந்த கடிதம் இப்போது என் மேசைமேல் கிடக்கிறது. அந்துருண்டை வாசம் இன்னும் போகவில்லை. உங்கள் கருமாதி முடிந்த மறுநாள் உங்கள் மனைவி, என் நங்கையா, கொண்டுவந்து கொடுத்தார். நிலப் பத்திரங்களுக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்ததாம். "உங்க பேருதான் போட்டிருக்குதுங்க அம்மிணி" என்றார். தபால் உறை ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தது. பிரித்தவர் நீங்கள்.

செத்தவர்களைத் திட்டக் கூடாது என்கிறார்கள். நான் திட்டத்தான் எழுதுகிறேன்.

அப்பா போன பிறகு என்னைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தது நீங்கள்தான். மூன்று வருடம் என் டிராயிங் போர்டைச் சைக்கிளில் சுமந்து வந்து பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டதும் நீங்கள்தான். இல்லையென்று சொல்லவில்லை. வேறு யாராவது செய்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

அது நான் டிப்ளமோ முடித்த வருடம். ஒரு பம்ப் கம்பெனியின் டிராயிங் பிரிவுக்குக் காலேஜிலிருந்தே விண்ணப்பம் போட்டிருந்தேன். பதில் வரவில்லையே என்று தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலையில், லேத் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து நின்றீர்கள்.

"கெளம்பு கண்ணு. அவிநாசி ரோட்டுல பத்து மாடிக் கட்டடம் கட்டியிருக்கறாங்கல்ல, மேல ஏறி ஊரைப் பாக்க உடறாங்களாம்."

எவ்வளவு சந்தோஷமாகக் கிளம்பினேன்! முதலில் டவுன்ஹால் கடைவீதியில் சுற்றினோம். எனக்கு வளையல் வாங்கினீர்கள். நிதானமாக டிபன் சாப்பிட்டோம். நேரத்தைப் போக்குகிறீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

மேலே போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று இருக்கும். பாலக்காட்டுக் காற்று ஆளைத் தள்ளியது. அதுவரை நடந்தே பார்த்த ஊர் கீழே விரித்துப் போட்ட பிளான் மாதிரி கிடந்தது. ரயில் பாதை ஒரு கோடு. மில் புகைபோக்கிகள் புள்ளிகள். பெரிய குளம் வெயிலில் தகடாக மின்னியது. எந்த ரோடு எங்கே திரும்புகிறது என்று விரலால் காற்றில் வரைந்துகொண்டே இருந்தேன். வாடகைக்குக் கொடுத்த பைனாகுலரை என் கண்ணில் வைத்து, "நம்மூட்டுப் பக்கம் பாரு, சிங்காநல்லூர்க் குளம் தெரியுதா?" என்று கேட்டீர்கள். இந்த ஊரையே எனக்கு வாங்கிக் கொடுத்ததுபோல் இருந்தது உங்கள் முகம்.

அப்போதுதான் மும்தாஜ் வந்தாள். என்னோடு படித்தவள், கோட்டைமேட்டுக்காரி. கூடவே அவள் அத்தா என்று கூப்பிடும் அவளுடைய அப்பா.

"ஏன்டி, நீ ஏன் வரல? ரெண்டு தடவ உம்பேரக் கூப்புட்டாங்க!"

"எதுக்கு?"

"பம்ப் கம்பெனி இண்டர்வியூவுக்குத்தான். ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டல்ல. நான் முடிச்சுட்டு இப்பத்தான் வர்றேன். உனக்கு லெட்டர் வரலையா?"

நான் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமல் மருதமலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"லெட்டர் வந்துச்சுங்களாண்ணா?"

"கீழ போய்ப் பேசிக்கலாம் அம்மிணி."

மும்தாஜின் அத்தா கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணி வரைக்கும் நடக்கும்னாங்க. ஓடு பாப்பா!"

நான் திரும்பியதும் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். புது வளையல் இரண்டு உடைந்தது. "பூனாவுக்கெல்லாம் உன்னயத் தனியா எப்படி உடறது? நீ அங்க போயிட்டா நான் என்ன பண்றது?"

பூனா என்று மும்தாஜ் சொல்லவே இல்லை. பயிற்சி பூனாவில் என்பது அந்த நிமிஷம் வரை எனக்கே தெரியாது.

கையை உதறினேன். லிஃப்ட் முன்னால் கூட்டம். பத்து மாடியும் படியில் இறங்கினேன். ஒரு செருப்பு வழியில் கழன்றது, எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது நாலாக ஐந்து நிமிஷம் இருந்தது. கதவருகே நின்றவர் கையை நீட்டி, "லெட்டரைக் காட்டுங்க" என்றார். இல்லை என்றேன். "லெட்டர் இல்லாம உள்ள உட முடியாதுங்களே. எங்களுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கறாங்க." கெஞ்சினேன். அழுதேன். அவர் என் வெறுங்காலைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

வீட்டுக்கு வந்தபோது நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். பூனா கதையையும் சொன்னேன். நீங்கள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "லெட்டரெல்லாம் ஒண்ணும் வரலீங்கம்மா. தபால்காரன் எங்காச்சும் போட்டுட்டிருப்பான்" என்றீர்கள். "அண்ணன் பொய் சொல்லுவானா?" என்று அம்மா என்னைத்தான் அதட்டினார்.

அந்தப் பொய்யைக் கடைசிவரை காப்பாற்றினீர்கள். உங்களிடம் பேசாமல் இருந்த எட்டு மாதமும் சொந்தக்காரர்கள் என்னைத்தான் நன்றி கெட்டவள் என்றார்கள். மும்தாஜ் பூனா போனாள். நான் கல்யாணமாகிப் பல்லடம் வந்தேன். தறிக்கூடங்களுக்கு வீட்டிலிருந்தே பிளான் வரைந்து என் பிழைப்பை நானே தேடிக்கொண்டேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சீரோடு வந்தீர்கள். "வாங்கண்ணா" என்று சொல்லிக் காப்பி கொடுத்தேன். ஒவ்வொரு முறையும், இன்றைக்காவது சொல்வீர்களா என்று டம்ளரைக் கொடுத்துவிட்டு ஒரு நிமிஷம் நின்று பார்ப்பேன். "காப்பி நல்லாயிருக்குது கண்ணு" என்பீர்கள்.

"தங்கச்சிகிட்ட ஒருக்கா சொல்லிப்போடோணும்னு சொல்லிட்டே இருந்தாருங்க" என்றார் நங்கையா. அவரை நான் என்ன சொல்ல? சிங்காநல்லூரிலிருந்து பல்லடத்துக்கு ஒரே பஸ். ஏறி உட்கார்ந்தால் ஒரு மணி நேரம். உங்களுக்குக் கிட்டத்தட்ட முப்பது வருடம் இருந்தது.

கிழித்தாவது போட்டிருக்கலாம். எதற்கு வைத்திருந்தீர்கள்? ஒருநாள் கொடுக்கவா, அல்லது செத்த பிறகு நான் பார்த்து மனம் இளகவா? எனக்கு இளகவில்லை. இழவு வீட்டில், "தங்கச்சி மேல உசுரையே வெச்சிருந்தான்" என்று ஊரே சொன்னது. உண்மைதான். நானும் உங்கள் காலடியில் உட்கார்ந்து தொண்டை கட்டும் அளவுக்கு அழுதேன். அப்படி அழ வைத்ததற்கும் சேர்த்துத்தான் இந்தக் கோபம்.

நேற்று மும்தாஜ் போன் செய்தாள். கடிதம் கிடைத்ததைச் சொன்னேன். "அண்ணன் மேல இன்னும் கோவமாடி?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அன்னிக்கு நீ எறங்கி ஓடுன ஓட்டத்த எங்கத்தா சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தாரு. அந்தப் புள்ள நிக்கவே மாட்டான்னாரு."

நிற்கவில்லை, அண்ணா. உங்கள் கையை உதறிவிட்டு ஒற்றைச் செருப்போடு ஓடினாளே, அந்த இருபது வயதுக்காரி, அவள் இன்னும் என்னோடுதான் இருக்கிறாள். உங்களை மன்னித்துவிடு என்று அவளிடம் நான் சொல்லப்போவதில்லை. கேட்க வேண்டியவர் நீங்கள், கேட்காமலே போய்விட்டீர்கள்.