ஜன்னல் திட்டில் வைத்த குழாய்கள்

நெகோதின்
9 ஜனவரி 1975

அன்புத் தங்கை தரிங்காவுக்கு,

கிறிஸ்துமஸுக்கு நீ வரவில்லை. உன் அண்ணி ரூஷா இரண்டு நாள் உன்னைத் திட்டிக்கொண்டே உன் பங்குப் பலகாரத்தையும் தின்று தீர்த்தாள்.

டிசம்பரில் உன் ஆய்வுக்கூடத்தில் கொடுத்த இரத்தத்தின் முடிவுச் சீட்டை பெல்கிரேடு டாக்டரிடம் நீட்டினேன். புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்பது முன்பே தெரிந்ததுதான். எதுவரை போயிருக்கிறது என்பதே கேள்வி. எலும்பில் இறங்கியிருந்தால் இந்த நொதி இரத்தத்தில் ஏறுமாம். "நாலுக்குள்ள இருக்கணும், உங்களுக்கு மூணுதான். சுரப்பிக்குள்ளயே அடங்கிக் கிடக்கு. பிப்ரவரி நாலாம் தேதி வெட்டி எடுத்துடலாம்" என்றார். சீட்டில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. ரூஷாவோ, "இனிமே இடுப்பு வலின்னு சொல்லி விறகு பிளக்காம தப்பிக்க முடியாது" என்கிறாள்.

உன் அண்ணன்
ஸ்வெதோசார்


20 ஜனவரி 1975

அன்பு அண்ணா,

அந்தக் கையெழுத்தை நம்பாதே.

உன் இரத்தத்தை நான் எடுத்தது டிசம்பர் பதினெட்டு. மறுநாள் புனித நிக்கோலா நாள். எங்கள் தலைமை டாக்டர் வுகாஷினுக்குக் குலப் பெருநாள். விருந்து ஆய்வுக்கூடத்திலேயே. குளிர்பெட்டியிலிருந்த இரத்தக் குழாய்களை வெளியே எடுத்துவிட்டு அங்கே கெண்டை மீன் தட்டுகளை அடுக்கினார்கள். குழாய்கள் ஜன்னல் திட்டில், கணப்புக்கு மேலே, இரண்டு நாள் நின்றன.

"டாக்டர், இந்த நொதி சூட்டுல செத்துடுமே" என்றேன்.

"ஏம்மா, ட்யூபு எங்க ஓடிடப் போகுது? மீன் கெட்டாத்தான் மானம் போகும்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மீசையில் எண்ணெய் வழிய அவர் முள்ளெடுத்து நீட்டிய துண்டைத் தின்றேன். வெள்ளிக்கிழமை, கவிச்சி போகாத விரல்களால் அளந்து, மூன்று என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

இடுப்பு வலி என்று நீ எழுதியதைப் படித்ததும் வுகாஷினிடம் ஓடினேன். பல் குத்திக்கொண்டே, "உன் அண்ணன்கிட்ட மட்டும் காதோட காதா சொல்லிடு. ஊரைக் கூட்டாதே" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

பெல்கிரேடிலேயே மறுபடி இரத்தம் கொடு. பனிக்கட்டியில் வைக்கச் சொல். அதற்குமுன் உன்மேல் கத்தி படவிடாதே.

தரிங்கா


நெகோதின்
1 பிப்ரவரி 1975

தரிங்கா,

மறுபடி அளந்ததில் முப்பத்தொன்று. இடுப்பெலும்புப் படத்தில் மூன்று இடங்களில் வெள்ளைத் திட்டு. வெட்டிப் பயனில்லை என்று டாக்டர் நிறுத்திவிட்டார். பெண் ஹார்மோன் மாத்திரை கொடுத்திருக்கிறார். அதைத் தின்றால் எனக்கு மார்பு பெருக்குமாம். ரூஷா அதற்குக்கூடக் கேலி பேசவில்லை.

நீ மீன் தின்றதை ஒருநாள் மறந்துவிடுவேன். ஆனால் அந்தத் திட்டில் என் இரத்தம் மட்டுமா நின்றது? மற்றவர்களுக்கு யார் தங்கை? அவர்களும் உன் கையெழுத்தை மடித்து வைத்துக்கொண்டு கத்திக்குப் படுக்கப் போகிறார்கள். நீ தலையாட்டினாய் என்று படித்த இடத்தில் எனக்கு உன்மேல் அருவருப்பு வந்தது. அவர்களுக்குச் சொல்லிவிட்டு எனக்கு எழுது. அதற்குமுன் வேண்டாம்.

ஸ்வெதோசார்


17 பிப்ரவரி 1975

அண்ணா,

பதிவேட்டைப் பார்த்தேன். அந்த நொதிக்காக அன்று எடுத்தவை ஆறு. உன்னை விட்டால் ஐந்து பேர். ஐவருக்கும் என் பெயரிலேயே பதிவுத் தபால் அனுப்பினேன். என் அண்ணனும் உங்களில் ஒருவன் என்று எழுதினேன்.

"எங்க மீனைத் தின்னுட்டு எங்களையே காட்டிக் குடுக்கறியா?" என்று வுகாஷின் கத்தினார். அவர் எச்சில் என் கன்னத்தில் தெறித்தது. இனி எனக்கு அங்கே வேலை இல்லை.

நால்வர் மறுபடி இரத்தம் கொடுத்துவிட்டார்கள். ஐந்தாமவர் மிலோராத், ரயிலுக்குக் கொடி காட்டுபவர். என் கடிதத்தோடு அவர் மனைவி கறுப்பு உடையில் வந்தாள். ஜனவரி இருபத்துநான்காம் தேதி வெட்டினார்களாம். மேசையிலிருந்து அவர் எழவில்லை.

அவள் கத்தவில்லை. "உங்க அண்ணனுக்கு எப்ப எழுதினீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"ஜனவரி இருபது" என்றேன்.

ஒவ்வொரு விரலாக மடக்கினாள். நான்காவது விரலில் நிறுத்தினாள். கடிதத்தை என் மடியில் போட்டுவிட்டு, "இத நீங்களே வெச்சுக்குங்க" என்று சொல்லிப் போய்விட்டாள்.

தரிங்கா