லிஃப்ட் நின்றால் மட்டும் திறக்கும் கதவு

அனுப்புநர்:
லிஃப்ட் பராமரிப்பு மெக்கானிக்,
ஏழு வயதுப் பெண்ணின் தந்தை.

பெறுநர்:
குழந்தைகள் நல அலுவலர் அவர்கள்,
குடும்ப நீதிமன்ற வளாகம்.

பொருள்: ஞாயிறுதோறும் காலை பத்து முதல் ஒரு மணி வரை மகளைப் பார்க்க எனக்குள்ள அனுமதியை முன்னாள் மனைவி தடுப்பது – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

1. விவாகரத்தாகிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதையாக, தீர்ப்பு கையில் இருந்தும் முன்னாள் மனைவி வீட்டின் ஏழாம் மாடிக் கதவு எனக்குத் திறப்பதில்லை. ஒரு வாரம் ஜுரம் என்றார். அடுத்த வாரம் பாட்டு வகுப்பு. அதற்கடுத்த வாரம், "தூங்குறா, எழுப்ப முடியாது" என்றார். உள்ளேயிருந்து "நான் தூங்கலப்பா" என்று குரல் வந்தது. உடனே டிவியின் சத்தம் கூடியது.

2. அந்தக் குடியிருப்பின் லிஃப்ட் என் பொறுப்பில் உள்ளது. எதிர்மனுதாரரான முன்னாள் மனைவி அங்கே குடியிருப்போர் சங்கச் செயலாளர். லிஃப்ட் நின்றால் என் கம்பெனிக்கு முதலில் போன் செய்பவரும் அவரே. சீருடையில் போனால் குடிக்கத் தண்ணீர் தருகிறார், "பார்த்துச் செய்யுங்க" என்கிறார். சீருடை இல்லாமல் போனால் கதவுச் சங்கிலிகூட விலகுவதில்லை. மெக்கானிக்குக்கு உள்ள மரியாதை தகப்பனுக்கு இல்லை.

3. (இப்பத்தியை எதிர்மனுதாரருக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.) மூன்று மாதங்களில் பத்து ஞாயிறுகள் அந்த லிஃப்ட் ஏழாம் மாடியிலேயே நின்றது. கதவு ஓடும் பள்ளத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு ரப்பர் துண்டு. எதிர்மனுதாரரின் சதி என்றே நினைத்து, தங்களுக்கு வேறொரு மனுவை நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். பத்தாம் முறை, பக்கத்தில் உட்கார்ந்து ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்துக்கொண்டிருந்த மகள், "லிஃப்ட் நின்னாதானப்பா நீ வர்ற" என்றாள். அந்த நான்கு பக்கத்தையும் கிழித்துவிட்டேன். வாரம் ஒரு ரப்பர் தொலைக்கிறாள் என்று பள்ளி டைரியில் ஆசிரியை எழுதியிருப்பதன் காரணமும் இதுவே.

4. உண்மையை மறைக்க விரும்பவில்லை. ரப்பரை எடுக்க அரை நிமிடம் போதும். நான் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். ஏழு மாடி படியேறி வந்த முழங்காலுக்கு அதுவே கூலி.

5. "ஒரு கதவு பத்துத் தடவையா கெடும்? உனக்குக் கை வரலன்னு எழுதவா?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். பதினெட்டு வருட அனுபவம் உள்ளவன் தலைகுனிந்து நின்றேன். பெற்ற பிள்ளையைக் காட்டிக் கொடுக்க முடியுமா? வரும் ஒன்றாம் தேதி முதல் எனக்கு வேறு பகுதி. இனி லிஃப்ட் நின்றால் வேறு ஆள் வருவார். குழந்தை ரப்பரைப் போட்டுவிட்டு வாசலில் காத்திருப்பாள்.

ஆகவே, ஒன்றாம் தேதிக்கு முன் தாங்களோ தங்கள் அலுவலர் ஒருவரோ ஒரு ஞாயிறு நேரில் வந்து, அந்தக் கதவைத் திறக்கச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். லிஃப்ட் அன்று நிச்சயம் ஓடும். அதற்கு நான் பொறுப்பு.

இடம்: ஏழாம் மாடி, லிஃப்ட் வாசல்
நாள்: இம்மாதம் 22, ஞாயிறு

இப்படிக்கு,
(கையொப்பம்)
லிஃப்ட் மெக்கானிக்

இணைப்பு: தீர்ப்பு நகல், ரப்பர் துண்டுகள் ஒன்பது. பத்தாவதை இணைக்கவில்லை. அதில் பென்சிலால் "அப்பா சீக்கிரம் வா" என்று எழுதியிருக்கிறது.